டவுன்பைப் மாற்றம்: கழற்றும் முன்பே வெப்பத்துக்கு வழி பார்த்தாக வேண்டும்

#1 · நாலுசிலிண்டர்

வணக்கம். வண்டி 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், முன்சக்கர ஓட்டம். டர்போ எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறது. கம்பெனி டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையைக் கீழே கொண்டுபோகும் குழாய்) சுமார் 60 மி.மீ. விட்டம், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சுருக்கமாக கேட்) அதோடு சேர்ந்தே வருகிறது. அதை எடுத்துவிட்டு 76 மி.மீ. எஸ்.எஸ். 304 குழாய், சதுர அங்குலத்துக்கு 200 செல் உள்ள மெட்டல் கேட்டோடு, போடும் திட்டம்.

பழைய குழாயில் இரண்டு மூன்று தகடுகள் சுற்றி இருக்கின்றன. புதியது வெறும் குழாய், மூடி எதுவும் கிடையாது. அதைச் சுற்றி ராப் (வெப்பம் தடுக்கும் இழைப்பட்டை) கட்டினால் போதுமா, வேறு என்ன செய்ய வேண்டும்? கழற்றும் வரிசை, கூடவே மாற்ற வேண்டிய சில்லறைச் சாமான்கள், மாட்டிய பிறகு பார்க்க வேண்டியவை எல்லாம் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 · வெப்பக்கவசம்

ராப் போதுமா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: அந்த இரண்டு மூன்று தகடுகளும் எதைக் காத்துக்கொண்டிருந்தன? கழற்றும் முன்பே ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். ஒன்று ஸ்டீயரிங் ரேக்கின் பூட்டுக்கு (பூட் என்பது மடிப்பு மடிப்பான ரப்பர் உறை), ஒன்று டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க சி.வி. இணைப்பின் பூட்டுக்கு, ஒன்று ஃபயர்வாலின் ஒலித்தடுப்புப் பஞ்சுக்கு என்று வகைவகையாக இருக்கும். புதுக் குழாய் பழையதைவிட 16 மி.மீ. பருமன் கூடியது, அதாவது எல்லாப் பக்கமும் 8 மி.மீ. நெருங்கி வருகிறது. தகடும் போய், தூரமும் குறைந்தால் அடி வாங்குவது ரப்பர்தான்.

முழு லோடில் பெட்ரோல் டர்பைனுக்குள் போகும் வாயு 900 முதல் 1000 டிகிரி வரை சுடும், சில எஞ்சின்களில் 1050 வரை அனுமதி உண்டு. டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வரும்போது நூறு டிகிரிக்கு மேல் இறங்கியிருக்கும். அப்படியும் டவுன்பைப்பின் வாயில் 800ஐ ஒட்டித்தான் இருக்கும். குழாயின் வெளித்தோல் அதைவிடக் குறைவு, 500, 600 என்று வையுங்கள்.

அந்தத் தோலிலிருந்து பக்கத்துப் பொருளுக்கு வெப்பம் முக்கியமாகக் கதிர்வீச்சாகப் பாய்கிறது. கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 600 டிகிரி என்பது 873 கெல்வின், 400 என்பது 673. நான்காம் அடுக்குக் கணக்கில் 400 டிகிரித் தோல் வீசுவது 600 டிகிரித் தோல் வீசுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் குழாய்க்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பளபளத் தகடு நின்றாலே நிலைமை தலைகீழாகிறது. அந்தத் தகட்டின் சூடு குழாயின் சூட்டில் பாதிகூட வராது, பளபளப்பு வந்ததைத் திருப்பி அனுப்பிவிடும்.

எது எவ்வளவு தாங்கும் என்றும் மனதில் இருக்கட்டும். சாதாரண பி.வி.சி. வயர் உறை 105 டிகிரி. சிலிக்கோன் ஹோஸ் 180ஐ ஒட்டி. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230, ஈரம் இழுத்துக்கொண்ட பிறகு 155 வரை வந்துவிடலாம். குழாய்க்கு ஓரமாக ஒரு பிரேக் லைன் போனால் இந்தக் கடைசி எண்ணை மறக்காதீர்கள்.

என் தீர்ப்பு: முதலில் பழைய தகடுகளைப் புதிய குழாய்க்கு ஏற்ப வெட்டி, வளைத்துத் திரும்ப மாட்ட வழி பாருங்கள். ராப் அதற்கு அடுத்தபடிதான்.

#3 · ஸ்பேனர்_செட்

கழற்றுற வரிசைய நான் சொல்றேன்.

முந்தின நாளே டர்போ பக்க நட், பின்பக்க ஃபிளாஞ்ச் போல்ட், சென்சார் மரை எல்லாத்துக்கும் பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு விடுங்க. ஒரு தடவை அடிச்சா பத்தாது, ரெண்டு மூணு தடவை. எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும். பேட்டரி நெகட்டிவ் கழற்றிடுங்க, ஏன்னா ஸ்டார்ட்டர் கேபிள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கும். வண்டி ஸ்டாண்டு மேல நிக்கணும், ஜாக் மேல இல்ல.

முதல்ல கீழ்த்தட்டு, அப்புறம் ஆக்ஸிஜன் சென்சார். மரை எம்18, பிட்ச் 1.5, தலை 22 மி.மீ. வயர் நுழையிற பிளவு வெச்ச சாக்கெட் கட்டாயம் வேணும். ஓப்பன் ஸ்பேனர்ல முயற்சி பண்ணினா தலை உருண்டுடும். கனெக்டர கழற்றும்போதே முன் சென்சார் எது, பின் சென்சார் எதுன்னு டேப்ல எழுதி ஒட்டுங்க. முன்னால இருக்கிறது வைட்பேண்ட், பின்னால இருக்கிறது நேரோபேண்ட். மாத்தி மாட்டற பொருள் இல்ல.

அடுத்தது குழாயை எஞ்சின் பிளாக்கோட இல்லன்னா கியர்பாக்ஸோட பிடிச்சிருக்கிற தாங்கு பிராக்கெட். இது இருக்கிறதே பல பேருக்குத் தெரியாது. அதைக் கழற்றாம பின்பக்க ஃபிளாஞ்ச மட்டும் கழற்றிட்டுக் குழாயை ஆட்டினா டர்போ பக்க ஸ்டட்தான் வளையும். டர்போ பக்கம் வி-பேண்டா (ரெண்டு ஃபிளாஞ்சையும் சுத்திப் பிடிக்கிற வளையக் கிளாம்ப்) இருந்தா நட்ட முழுசா எடுக்காம நுனி வரைக்கும் தளர்த்தி, கிளாம்ப சுத்தி ரப்பர் சுத்தியலால மெதுவா தட்டுங்க, ஒட்டினது விடும். நட் முழுசா வந்துட்டா குழாய் மேல விழும், நீங்க கீழ படுத்திருப்பீங்க.

ஸ்டட் வகையா இருந்தா நட் திரும்பலன்னு தோணின உடனே நிறுத்துங்க. கால் சுத்து தளர்த்தி, அரைக்கால் சுத்து திரும்ப முறுக்கி, மறுபடி தளர்த்தி, இடையில ஆயில். இப்படிப் போனா நூல் பிழைக்கும். நீளமான கம்பியப் போட்டு ஒரே இழுப்புல கழற்ற நினைச்சா எம்8 ஸ்டட் டர்பைன் ஹவுசிங்கோட மட்டத்துல முறியும். முறிஞ்சாலும் வழி இருக்கு. மேல ஒரு நட்ட வெச்சு உள்ளே வெல்டு அடிச்சு, அந்தச் சூட்டோடயே திருப்பினா பெரும்பாலும் வந்துடும். வரலன்னா சரியா நடுவுல பன்ச் பண்ணி, 6.8 மி.மீ. டிரில், எம்8 பிட்ச் 1.25 டேப். நடு தப்பினா ஹவுசிங்கே போச்சு, அதனால அந்த வேலைய டர்போவ வெளியே எடுத்து வெச்சுப் பண்றதே நல்லது.

உங்க மாதிரி பின்பக்க டர்போல குழாய் நேரா கீழ இறங்காது. கீழ் டார்க் மவுண்ட கழற்றி எஞ்சினக் கொஞ்சம் முன்னால சாய்ச்சா இடம் கிடைக்கும். அப்படியும் வரலன்னா வலது டிரைவ் ஷாஃப்ட் இல்லன்னா சப்ஃபிரேம இறக்கணும். சப்ஃபிரேம் போல்ட் டிகிரிக் கணக்குல முறுக்குற வகைன்னா ஒரு தடவைதான், திரும்பப் போடக்கூடாது. புதுசு வாங்கி வெச்சுட்டு ஆரம்பிங்க.

#4 · பூஸ்ட்கேஜ்

குழாயின் பெருமை பேசப்படும் அளவுக்கு அதன் பக்கவிளைவு பேசப்படுவதில்லை. டர்பைனுக்குச் சக்தி கிடைப்பது அதன் முன் அழுத்தத்துக்கும் பின் அழுத்தத்துக்கும் உள்ள விகிதத்திலிருந்து. உதாரணத்துக்கு முன்னால் 2.8 பார், பின்னால் 1.4 பார் என்றால் விகிதம் 2. பின் அழுத்தம் 1.15 ஆக இறங்கினால் விகிதம் 2.4ஐத் தாண்டுகிறது. அதே காற்றுக்கு டர்போ சீக்கிரம் சுழலும், பூஸ்ட் (எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) முன்னதாகவே ஏறும். இதுவரை நல்லது.

கெட்டது எங்கே வருகிறது என்றால், வேஸ்ட்கேட் (உபரி வாயுவை டர்பைனுக்குள் விடாமல் ஓரமாக வெளியேற்றும் வழி) துளை சின்னதாக இருந்து, முழுவதும் திறந்த பிறகும் போதுமான வாயுவை வெளியேற்ற முடியாவிட்டால் மேல் ஆர்.பி.எம்.மில் பூஸ்ட் தானாக நகர்ந்து ஏறிக்கொண்டே போகும். இதைத்தான் பூஸ்ட் க்ரீப் என்கிறோம். மாட்டிய முதல் நாளே முழு ஆக்சிலரேட்டர் மிதிக்காமல், பாதி மிதியில் தரவுப் பதிவு (லாக்) எடுத்து, கேட்ட பூஸ்டும் வந்த பூஸ்டும் சேர்ந்து போகின்றனவா, வேஸ்ட்கேட் டியூட்டி (அதை மூடி வைக்க எஞ்சின் கணினி தரும் கட்டளைச் சதவீதம்) எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். டியூட்டி சுழியை ஒட்டி விழுந்தும் பூஸ்ட் ஏறினால் அது மென்பொருளால் தீர்கிற சங்கதி அல்ல. பி0234 (பூஸ்ட் மிகை) பிழைக் கோடு வருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று, மாட்டும் முன் கையால் பார்க்க வேண்டியது. புதுக் குழாயின் வாய் மணி போல விரிந்திருந்தால் வேஸ்ட்கேட் மூடி திறந்து ஆட இடம் இருக்கும். நேர் வாயாக இருந்தாலோ, கேஸ்கெட் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தாலோ மூடி பாதியில் முட்டி நிற்கும். கேஸ்கெட்டையும் ஃபிளாஞ்சையும் டர்போவில் வைத்து, ஆக்சுவேட்டர் கம்பியை முழுத் தூரமும் நகர்த்தி, மூடி எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. விட்டால் மொத்தக் குழாயையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

#5 · நாலுசிலிண்டர்

நன்றி. வாயின் பக்கம் மணி வடிவம்தான், மூடிக்கு இடம் இருக்கிறது.

> முதலில் பழைய தகடுகளைப் புதிய குழாய்க்கு ஏற்ப வெட்டி, வளைத்துத் திரும்ப மாட்ட வழி பாருங்கள்

கேட் உட்பட முழு நீளத்துக்கும் ராப் சுற்றிவிட்டால் தகடே தேவைப்படாது என்கிறார்களே?

#6 · பற்றவைப்பாளன்

முழு நீளத்துக்கும் வேண்டாம். கேட்டுக்கு மேல் ராப் கூடவே கூடாது.

கேட்டின் உள்ளே நடப்பது எரிதல். எரியாத எரிபொருள் வந்து விழுந்தால் அது அங்கேயே எரிந்து உள்சூட்டை ஏற்றும். ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனாலே உள்ளே 1000 டிகிரியைத் தாண்டலாம். அந்த நேரத்தில் வெளிப்பக்கம் வெப்பத்தை விடவில்லை என்றால் மெட்டல் ஃபாயில் உருகிச் சுருண்டு, துண்டு பின்னால் போய் அடைக்கும். ஃபிளெக்ஸ் (வளைந்து கொடுக்கும் பின்னல் துண்டு) மேலும் ராப் வேண்டாம். அது அசைய வேண்டிய பாகம், ராப்புக்குள் பின்னல் கம்பி தேய்ந்து அறும். வி-பேண்ட், சென்சார் பாஸ் (சென்சாரை மாட்டும் மரைத் துண்டு) இரண்டையும் திறந்தே விடுங்கள்.

அடுத்தது உலோகம். ராப் என்ன செய்கிறது? வெப்பம் வெளியே போவதைத் தடுக்கிறது; ஆக, குழாயின் உலோகம் வாயுவின் சூட்டுக்குப் பக்கமாக ஏறுகிறது. எஸ்.எஸ். 304 சுமார் 425 முதல் 850 டிகிரிக்குள் நெடுநேரம் இருந்தால் அதில் உள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்து மணிகளின் எல்லையில் ஒதுங்கும். எல்லை ஓரம் குரோமியம் இல்லாமல் போவதால் அங்கே அரிப்பு தொடங்கும். வெல்டு ஓரத்தில் முடி போல விரிசல் வருவதன் காரணங்களில் இது ஒன்று. 321 ரகத்தில் டைட்டானியம் கலந்திருப்பதால் கார்பன் அதோடு போய்ச் சேரும், குரோமியம் மிஞ்சும். முழுதாக ராப் கட்டித்தான் ஆவேன் என்றால் டர்போவை ஒட்டிய முதல் பகுதியாவது 321 ஆக இருக்கட்டும்.

விரிவைப் பற்றியும் சொல்கிறேன். 304 ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு ஏறக்குறைய 0.018 மி.மீ. நீளும். 600 மி.மீ. குழாய் 600 டிகிரி ஏறினால் ஆறரை மி.மீ. நீளும். இரு முனையும் இறுக்கிப் பிடித்திருந்தால் இந்த ஆறரை மி.மீ. எங்கே போகும்? டர்போ ஃபிளாஞ்சைத்தான் தள்ளும். ஃபிளெக்ஸ் இல்லாத குழாயை வாங்காதீர்கள். ஃபிளெக்ஸின் உள்ளே இன்டர்லாக் லைனர் உள்ளதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் மடிப்பு மட்டும் இருந்தால் வாயு ஓட்டத்தில் மடிப்பு கிழியும்.

புதுக் குழாய் கைக்கு வந்ததும் வெல்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். பின்பக்கம் ஆர்கான் விடாமல் வெல்டு அடித்திருந்தால் உள்ளே கறுப்பாக, சர்க்கரை உருகி ஆறியது போலப் பொரிப்பொரியாக இருக்கும். அந்தப் பொரி உதிர்ந்தால் நேராகக் கேட்டின் முகத்தில் போய் அடிக்கும். ஃபிளாஞ்சை ஒரு தட்டையான கண்ணாடி மேல் வைத்து 0.1 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால் மில்லிங் போட்டு மட்டம் எடுங்கள், கேஸ்கெட்டை நம்பாதீர்கள்.

#7 · வெப்பக்கவசம்

பற்றவைப்பாளன் சொன்ன உலோகக் கணக்கு சரி. ஆனால் ராப் என்றாலே கெடுதல் என்று முடித்துவிட வேண்டாம். டர்போவுக்கும் கேட்டுக்கும் நடுவில் உள்ள சிறிய துண்டுக்கு ராப் கட்டினால் ஒரு கூடுதல் லாபம் உண்டு. கேட் வேலை தொடங்க 250, 300 டிகிரி வேண்டும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் அந்தச் சூடு சீக்கிரம் வந்து சேரும்.

ராப் வாங்கும்போது கண்ணாடி இழையா, பசால்ட் எனும் எரிமலைப் பாறை இழையா என்று கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி இழை ராப்புகள் தொடர்ச்சியாக 540 டிகிரி அளவில் வேலை செய்யும். டர்போவை ஒட்டி அது பொடிந்து உதிர்ந்துவிடும். பசால்ட் வகை 900க்கு மேல் தாங்கும் என்று குறித்து விற்பவை உண்டு. டவுன்பைப்புக்கு அதுதான்.

நீளம் எவ்வளவு என்று பலரும் குத்துமதிப்பாக வாங்கி நடுவில் தீர்ந்துபோய் நிற்பார்கள். 76 மி.மீ. குழாயின் சுற்றளவு 239 மி.மீ. ராப் அகலம் 50 மி.மீ., ஒன்றின்மேல் ஒன்று 12 மி.மீ. ஏறினால் ஒரு சுற்றுக்கு 38 மி.மீ. முன்னேறும். 600 மி.மீ. நீளத்துக்குப் பதினாறு சுற்று, 3.9 மீட்டர். இரு முனை மடிப்பும் வளைவுகளில் கூடும் இழுவையும் சேர்த்து நாலரை மீட்டர் எடுங்கள். பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றினால் 24 சுற்று, கிட்டத்தட்ட 6 மீட்டர் ஆகும். இரட்டை அடுக்கால் வரும் லாபம் குறைவு, உலோகச் சூடும் ஈரத் தேக்கமும் கூடுதல். நான் 12 மி.மீ. பக்கம்தான்.

சுற்றும்போது குளிர் முனையிலிருந்து டர்போ பக்கம் போனால், கீழிருந்து மேல் செல்லும் குழாயில் மேலடுக்கு ஓட்டுக்கூரை போலக் கீழடுக்கின் மேல் படியும். மேலிருந்து தெறிக்கும் நீர் வழிந்தோடும். கண்ணாடி இழையை ஈரமாக்கிச் சுற்றினால் தூசி பறக்காது, காய்ந்ததும் இறுகும். பசால்ட்டுக்கு நனைப்பு தேவையில்லை. கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள். கட்டுவதற்கு 8 மி.மீ. அகல எஃகு டை, முனைகளில் இரண்டிரண்டு, நடுவில் 200 மி.மீ.க்கு ஒன்று. வெட்டிய டையின் நுனியை மடித்துவிடுங்கள், அடுத்த முறை கை போடுகிறவருக்கு ரத்தம் வராது.

இதையெல்லாம் செய்த பிறகும் தகடு வேண்டும். ராப்பின் வெளித்தோல் 200, 250 டிகிரிக்கு இறங்கினாலும் 20 மி.மீ. தூரத்தில் உள்ள ரப்பர் பூட்டுக்கு அது அதிகம்தான்.

தகட்டுக்கு 0.5 மி.மீ. போதும். டர்போவை ஒட்டிய இடத்தில் ஸ்டெயின்லெஸ், தள்ளி இருக்கும் இடத்தில் புடைப்பு அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், குழாயைத் தொட்டால் ஓட்டை விழும். குழாய்க்கும் தகட்டுக்கும் 10 முதல் 15 மி.மீ. இடைவெளி, இரு முனையும் திறந்திருந்தால்தான் காற்று போகும். தகட்டில் போல்ட் துளையை நீள்துளையாக வெட்டி, அகல வாஷர் போட்டு மாட்டுங்கள். வட்டத் துளையில் இறுக்கினால் விரியும்போது தகடு துளை ஓரத்தில் கிழிந்து, ஐடிலில் கிணுகிணுவென்று அடிக்க ஆரம்பிக்கும்.

#8 · கரிப்புகை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டீசலில் டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) உள்ள வண்டிக்கும் இதே கணக்குத்தானா? அதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடலாமா?

#9 · பூஸ்ட்கேஜ்

வேண்டாம். டி.பி.எஃப்.-ஐயோ கேட்டையோ முழுதாக நீக்குவது பெரும்பாலான நாடுகளில் சாலை வண்டிக்குச் சட்ட விரோதம். சட்டத்தை விட்டாலும், முன்பின் அழுத்த வேறுபாட்டை அளக்கும் குழாய்கள், இரண்டு மூன்று வெப்ப சென்சார்கள் எல்லாம் அதில் அமர்ந்திருக்கின்றன. டீசலில் வாயுச் சூடு பொதுவாகப் பெட்ரோலைவிடக் குறைவு. ஆனால் ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பது) நடக்கும்போது மெதுவாகப் போகும் வண்டியிலும் ஃபில்ட்டர் 600 டிகிரியைத் தொடும், காற்றோட்டமே இல்லாமல். ஆகவே டீசலிலும் தகடுகளைக் கழற்றிப் போடாதீர்கள்.

#10 · ஸ்பேனர்_செட்

மாட்டுறதுக்கு வரேன். புதுசா வேணும்ங்கறது: டர்போ பக்க கேஸ்கெட், பின்பக்க கேஸ்கெட், வி-பேண்டா இருந்தா புது கிளாம்ப், ஸ்டட் வகைன்னா எல்லா ஸ்டட்டும் நட்டும். கேஸ்கெட் பல அடுக்கு எஃகு வகைதான். ஒரு தடவை நசுங்கினது திரும்ப சீல் பண்ணாது. அதோட சிலிக்கோன் பேஸ்ட் எதுவும் பூசாதீங்க, அதுல வர்ற ஆவி ஆக்ஸிஜன் சென்சாரக் கொல்லும். துத்தநாகம் பூசின யு-கிளாம்ப், கடையில கிடைக்கிற சாதா போல்ட் எல்லாம் சூட்டுப் பக்கம் வேண்டாம்.

மரைக்கு நிக்கல் ஆன்டி-சீஸ், ரொம்ப மெல்லிசா. ஸ்டெயின்லெஸ் நட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டட்ல உலர்ந்தே முறுக்கினா நடுவுல பிடிச்சுக்கும், அப்புறம் அறுக்கத்தான் வேணும். ஆனா ஒண்ணு, பேஸ்ட் பூசின மரைக்கு அதே டார்க் போட்டா இழுவை கூடிடும். மேனுவல்ல உலர் மரைக்கா எண்ணெய் மரைக்கான்னு பார்த்துட்டுப் போடுங்க. சென்சார் புதுசுன்னா மரைல ஏற்கெனவே பூசியிருக்கும், மேல பூச வேண்டாம். பழசுன்னா நுனியில படாம மரையில மட்டும். சென்சாருக்கு 40 முதல் 50 நியூட்டன் மீட்டர்தான் வழக்கம், உங்க மேனுவல் எண் வேறன்னா அதுதான் சட்டம்.

சென்சார் பாஸ் எந்தக் கோணத்துல இருக்குன்னும் பாருங்க. படுக்கை மட்டத்துக்கு மேல 10 டிகிரியாவது நிமிர்ந்திருக்கணும். கீழ நோக்கி இருந்தா குளிர் ஸ்டார்ட்ல குழாயில தேங்கின தண்ணி சூடான செராமிக்ல பட்டு விரிசல் விடும்.

மாட்டுற வரிசை: எல்லாத்தையும் கையால மட்டும் கோத்து விடுங்க. டர்போ பக்கம், பிராக்கெட், பின்பக்கம், ஹேங்கர் ரப்பர் எல்லாம் தளர்வா. குழாய் எந்தப் பக்கமும் இழுக்காம தானா உட்காருதான்னு பார்த்துட்டு முதல்ல டர்போ பக்கம் இறுக்கணும். வி-பேண்டா இருந்தா பாதி டார்க், சுத்தித் தட்டு, மறுபடி முறுக்கு, மறுபடி தட்டு, கடைசியா முழு டார்க். தட்டாம முறுக்கினா போல்ட் இருக்கிற பக்கம் மட்டும் இறுகி எதிர்ப்பக்கம் வாய் பிளந்திருக்கும். அதுக்கப்புறம் பின்பக்கம். பிராக்கெட் கடைசி. பிராக்கெட் துளை சேரலன்னா குழாயை வளைச்சு இழுக்காதீங்க, துளைய அரத்தால நீட்டுங்க. சேரலங்கறதுக்காக பிராக்கெட்டையே விட்டுட்டா, கேட்டோட எடை மொத்தமும் டர்போ ஃபிளாஞ்ச்ல தொங்கும்.

லீக் பார்க்க: வேக்குவம் கிளீனரோட ஊதுற பக்கத்த டெயில்பைப்ல துணியோட சொருகி, ஜாயிண்ட்ல எல்லாம் சோப்புத் தண்ணி. நுரை வந்தா அங்கதான்.

#11 · நாலுசிலிண்டர்

பி0420 (கேட் சரியாக வேலை செய்யவில்லை என்ற பிழைக் கோடு) வந்தால் பின் சென்சாருக்கு ஸ்பேசர் போட்டால் போதும் என்று ஓர் இடத்தில் படித்தேன்.

#12 · பூஸ்ட்கேஜ்

ஸ்பேசர் என்பது சென்சாரை வாயு ஓட்டத்திலிருந்து வெளியே இழுத்து வைப்பது. சென்சார் மந்தமாகிறது, கேட் வேலை செய்வது போல ஒரு தோற்றம் கிடைக்கிறது. கேட்டில் ஆக்ஸிஜன் எவ்வளவு தங்குகிறது என்று இ.சி.யு. (எஞ்சின் கணினி) வேண்டுமென்றே கலவையை மாற்றிப் பார்த்து நேரம் அளக்கும் வண்டிகளில் இந்த வித்தை நம்பகமாக எடுபடாது. தவிரவும் பல இ.சி.யு.க்கள் பின் சென்சாரை வைத்துத்தான் முன் சென்சாரின் நகர்வைத் திருத்திக்கொள்கின்றன. அதை மந்தமாக்கினால் கலவையே மெல்ல நகரும். சோதனையில் பிடிபட்டால் சட்டப்படியும் சிக்கல்.

கம்பெனி கேட் 400 முதல் 600 செல். 200 செல்லில் பரப்பு குறைவு, எனவே விலைமதிப்புள்ள உலோகப் பூச்சு தரமாக இருந்தால்தான் தேறும். இடமும் முக்கியம். பழைய கேட் டர்போவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அதே தூரத்தில் புதியதும் இருக்கட்டும். 300 மி.மீ. பின்னால் தள்ளிப்போனாலே சூடேறத் தாமதமாகும்.

கோடு வந்த உடனே கேட் மேல் பழி போடாமல் முதலில் லீக் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் சின்ன லீக் இருந்தால் துடிப்புகளின் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், சென்சார் கலவை மெலிவு என்று பொய் சொல்லும். அடையாளம்: ஐடிலில் ஃபியூயல் ட்ரிம் (எரிபொருள் அளவுத் திருத்தம்) பிளஸ் 8, 10 சதவீதம் காட்டும், வேகமெடுத்தால் சுழியை ஒட்டி வந்துவிடும்.

#13 · பற்றவைப்பாளன்

டர்போ பிளாங்கெட் (டர்போவுக்குப் போடும் வெப்பப் போர்வை) பற்றி யாரும் பேசவில்லை. டர்பைன் ஹவுசிங்கை மட்டும் மூட வேண்டும். நடுவில் உள்ள பேரிங் ஹவுசிங்கை மூடினால் எண்ணெய் உள்ளேயே கரியாகும். ஆக்சுவேட்டர் கம்பி பிளாங்கெட்டில் உரசக் கூடாது. ஃபயர்வால் பக்க டர்போவுக்கு நல்ல பொருள்தான், ஆனால் ஹவுசிங் ஆறக் கூடுதல் நேரம் எடுக்கும். நீண்ட ஏற்றமோ வேக ஓட்டமோ முடிந்தால் கடைசி சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நின்ற இடத்தில் ஐடிலில் விடுவதைவிட அது மேல். காற்றும் ஓடும், எண்ணெயும் ஓடும்.

#14 · வெப்பக்கவசம்

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தவறான எண்ணை நம்பி எல்லாம் சரி என்று விட்டுவிடுவீர்கள். இன்ஃப்ராரெட் துப்பாக்கி பெரும்பாலும் 0.95 எமிசிவிட்டிக்குத்தான் (பரப்பு வெப்பத்தை வீசும் திறன்) அமைக்கப்பட்டிருக்கும். பளபளப்பான ஸ்டெயின்லெஸ் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில்கூட வீசாது, ஆகவே 400 டிகிரிக் குழாயை வெகு குறைவாகக் காட்டும். நாணய அளவுக்கு உயர்வெப்ப மேட் கறுப்புப் பெயிண்ட் தடவி, காய்ந்த பிறகு அங்கே சுடுங்கள். கே வகை தெர்மோகப்பிளை டையில் சொருகி வைப்பது இன்னும் நம்பகம்.

ஆனால் குழாயின் சூட்டைவிட பூட்டின் சூடுதான் நமக்கு வேண்டியது. ஒருமுறை நிறம் மாறினால் திரும்பாத வெப்ப லேபிள்களை சி.வி. பூட்டின் அருகில், ரேக் பூட்டில், வயர் கட்டின் மேல், பிரேக் லைன் கிளிப்பில் ஒட்டி அரைமணி நேரம் ஓட்டுங்கள். நிறுத்திய உடனே பார்க்காமல் பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நின்ற பிறகுதான் காற்றோட்டம் இல்லாமல் சுற்றுப்புறச் சூடு உச்சத்துக்குப் போகும். ரப்பர் மேல் 100ஐத் தாண்டிய கட்டம் கறுத்திருந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு தகடு.

#15 · நாலுசிலிண்டர்

தகடுகளை அளந்து பார்த்தேன். மூன்றில் இரண்டு திரும்ப மாட்ட வரும். ரேக் பக்கத்தது மட்டும் புதிதாக வெட்ட வேண்டும். கேட் வரை பசால்ட் ராப், கேட்டைச் சுற்றி இடைவெளியோடு தகடு. கடைசி சந்தேகம்: முதல் ஸ்டார்ட்டில் புகை எவ்வளவு வந்தால் சரி?

#16 · ஸ்பேனர்_செட்

மாட்டுறதுக்கு முன்னாடி குழாயை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு, முழுசா உலர விடுங்க. கைரேகை எண்ணெய் கூட சூட்டுல பழுப்பா பதிஞ்சுடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் மட்டும் வேண்டவே வேண்டாம், சூடான உலோகத்துல பட்டா விஷவாயு வரும்.

ராப்ல இருக்கிற பசை எரியறதால வெள்ளைப் புகை வரும், ஒரு மாதிரி மக்கின வாசனையோட. முதல் பத்துப் பதினஞ்சு நிமிஷ ஐடில்ல தொடங்கி முதல் ரெண்டு மூணு ஓட்டத்துக்குள்ள நின்னுடணும். வெளியில வெச்சுதான் ஸ்டார்ட் பண்ணுங்க, மூடின ஷெட்ல இல்ல. நீலப்புகை, எண்ணெய் வாசனைன்னா உடனே ஆஃப் பண்ணுங்க. டர்போ எண்ணெய் லைன்லயோ வால்வ் கவர்லயோ கசிவு இருந்து ராப் அதைக் குடிச்சிருக்கும். எண்ணெய் குடிச்ச ராப் திரி மாதிரி பத்திக்கும். துடைச்சு சரி பண்ண முடியாது, வெட்டி எறிஞ்சுட்டுப் புதுசுதான். அதனால ராப் போடறதுக்கு முன்னாடியே எஞ்சின் பின்பக்கக் கசிவு எல்லாத்தையும் முடிச்சுடுங்க. பக்கத்துல ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

முதல் ஐடிலுக்கப்புறம் முழுசா ஆறவிட்டு எல்லா நட்டையும் ஒரு தடவை பாருங்க, அப்புறம் 200 கிலோமீட்டர்ல இன்னொரு தடவை. சூடா இருக்கும்போது டார்க் ரெஞ்ச் போடாதீங்க. குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்னு சத்தம் வந்து சூடானதும் மறைஞ்சா ஃபிளாஞ்ச்ல லேசா லீக் இருக்குன்னு அர்த்தம், கேஸ்கெட் ஓரத்துல கறுப்புக் கோடு தெரியும். ஐயாயிரம் கிலோமீட்டர்ல ஆயில் மாத்தறப்போ கீழ்த்தட்டு எப்படியும் கழறும், அப்போ டை, தகட்டு போல்ட், சி.வி. பூட் மூணையும் கையால தடவிப் பாருங்க.

#17 · வெப்பக்கவசம்

ரேக் பக்கத் தகட்டை வெட்டும்போது ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி வைத்து அட்டையில் மாதிரி எடுங்கள். பூட் நீளும்போது 20 மி.மீ. வரை நகரும். நேராக வைத்து எடுத்த மாதிரி திருப்பத்தில் பூட்டைக் கிழிக்கும். ஓரங்களை 5 மி.மீ. மடித்து விடுங்கள்.